மொட்டைப் பந்தல்

நமசிவாயத்தாரின் புகையிலை எவ்வளவு பெரிது என்று கேட்டால், இணுவிலில் ஆளுக்கோர் அளவு சொல்வார்கள். ஊர் அதிகாரி விதானையார் ஒருநாள் மழைக்கு அந்த இலையின் கீழ் ஒதுங்கி நின்றார் என்பதும், மழை விட்ட பிறகு பார்த்தால் வரம்பில் சாத்தி வைத்த அவருடைய குடை மட்டும்தான் நனைந்திருந்தது என்பதும் எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி. ஒரு கிடாரிக் கன்று தோட்டத்துக்குள் புகுந்து வழி தெரியாமல் நின்று, இலை வெட்டிய பிறகுதான் கறவைப் பசுவாக வெளியே வந்தது என்பதை மட்டும் அயலூரார் நம்புவதில்லை. அவர்களுக்கு எப்போதும் இணுவிலார்மேல் கொஞ்சம் எரிச்சல்.

இதற்கெல்லாம் காரணம் மண்ணுமல்ல, எருவுமல்ல, முறிப்பு. புகையிலைக்காரர் எல்லோரும் முறிக்கிறவர்கள்தான். கன்று இடுப்பளவு வந்து தலையில் பூமுகை காட்டியதும் நுனியைக் கிள்ளி எறிவார்கள். பிறகு இலைக் கவட்டுகளில் பக்கமுளை வரும், அதையும் கிள்ளுவார்கள். பூவுக்கும் முளைக்கும் போகவிருந்த சத்தெல்லாம் இலைக்குத் திரும்பி, இலை தடிக்கும். மற்றவர்கள் இதைத் தோட்டத்தில் செய்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நமசிவாயத்தார் கை கழுவவில்லை. ஒன்றை முறித்தால் மற்றது கொழுக்கும் என்பது உலகம் முழுவதுக்கும் பொதுவான சட்டம் என்று அவர் தீர்மானித்துக்கொண்டார்.

பால் பெருகட்டும் என்று பசுவின் கொம்பைச் சீவினார். நாயின் வாலை நறுக்கினார். குரைப்பு உண்மையிலேயே பெருத்தது. அதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மீசை செழிக்கட்டும் என்று ஒருமுறை தலையை மழித்துக்கொண்டார். செழித்துவிட்டது என்று அவர் சொன்னார். அவர் மனைவி பூரணம், "மீசை இருந்தபடிதான் இருக்கு. தலைதான் போச்சு" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் தில்லையம்பலம், இளையவள் பத்மாசினி. மகனுக்குப் படிப்பு மெல்ல மெல்ல ஏறி, ஏறியதில் பாதி இறங்கிவிடும். மகளுக்கு ஒருமுறை சொன்னால் போதும். மிஷன் பள்ளிக்கூடத்து ஸ்ரெல்லா ரீச்சர் வீட்டுக்கே வந்து, இந்தப் பிள்ளையை மேலே படிக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நமசிவாயத்தார் அந்தப் பேச்சை வேறு விதமாகக் கேட்டார். ஒரு செடி, இரண்டு நுனி. இப்படியே விட்டால் இரண்டும் பெருக்காது.

அடுத்த திங்கட்கிழமை பத்மாசினி தலை பின்னிக்கொண்டு புறப்பட்டபோது வேலிப் படலையில் மறித்தார்.

"இனிப் போகவேண்டாம், பிள்ளை."

"ஏன் அப்பு?"

"கொண்ணைக்குப் படிப்பு ஏறவேணும்."

"நான் படிச்சால் அண்ணைக்கு ஏறாதோ?"

"வீட்டுக்கு வாறது ஒரு அளவுதான். ரண்டு பேருக்குமாப் பங்கு போனால் ஒருத்தருக்கும் காணாது."

அவள் சிலேற்றை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். மற்ற விஷயங்களில் வாய்க்காரியான பெண், அதைப் பற்றி மட்டும் பிறகு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

தில்லையம்பலம் இரண்டு முறை தவறி, பிறகு இங்கிலீசுச் சோதினை பாஸ் பண்ணினான். கப்பலேறி மலாயாவுக்குப் போய், ஈப்போவில் றெயில்வே கந்தோரில் உத்தியோகமானான். கோட்டுப் போட்டு, ஒரு கையைப் பூச்சாடியில் வைத்துக்கொண்டு எடுத்த படம் வந்தது. தகப்பன் அதைச் சுவரில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, "முறிச்சதாலை வந்த செழிப்பு" என்றார். பத்மாசினி அந்தப் படத்தைக் கிழமைக்கு ஒருமுறை தூசி தட்டி வைத்தாள்.

பிறகு யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். கடிதம் நின்றது. தபாற்காரன் அந்த ஒழுங்கையால் வருவதையே விட்டான். கடிதம் இல்லாமல் நமசிவாயத்தாரின் படலையைக் கடந்து போவது, வளர்ந்த ஒரு மனிசனை அறைந்துவிட்டுப் போகிறது போல இருக்கிறதாம். கூப்பன் அரிசியைப் புடைத்துக்கொண்டு பூரணம் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "இப்ப அவன் என்னத்தைத் தின்னுறானோ?" அவர் ஒவ்வொரு நாளும் ஒரே பதிலைச் சொன்னார்: "ஈப்போவிலை அரிசிக்கு என்ன குறை?" நாள் போகப் போக அந்தப் பதிலின் சத்தம் குறைந்துகொண்டு வந்தது.

நாற்பத்திநாலாம் ஆண்டு தை மாதம் அவர் கந்தசுவாமி கோயிலில் நின்று, சுற்றிவர நின்ற சனத்துக்கும் கேட்கத்தக்கதாக நேர்ந்தார்.

"முருகா, என்ரை கிணத்தடியிலை நிக்கிற முந்திரிகையின்ரை முதல் குலையைப் பழமாக் கொண்டு வந்து, தேரண்டு உன்ரை காலடியிலை வைக்கிறன். என்ரை பொடியனைக் கொண்டு வந்து நிப்பாட்டு."

முந்திரிகை என்பது திராட்சைக்கு அந்த ஊர்ப் பேர். குருநகர் நீக்கிலாப்பிள்ளை, கடலில் போகிறவர்களுக்குப் புகையிலை வாங்க மாதம் ஒருமுறை சைக்கிளில் வருகிறவர், தங்கள் வேதக்கோயில் வளவில் நின்ற கொடியில் ஒரு தடி வெட்டிக்கொண்டு வந்து கொடுத்திருந்தார். அது கிணற்றடியில் வேர்விட்டுப் பந்தலெல்லாம் படர்ந்திருந்தது. ஆனால் அதுவரை ஒரு பழம் தந்ததில்லை.

வரும் வழியில் பூரணம் கேட்டாள்: "ஏனுங்கோ, பழுக்கிற பழமாப் பார்த்து நேர்ந்திருக்கலாமே? வாழைக்குலை எத்தினை நிக்குது?"

"வாழைப்பழம் ஆர்தான் வைக்கேல்லை? அந்த மனிசனுக்கும் அலுத்துப் போயிருக்கும். புதுசா ஒண்டு கண்டால்தான் ஏன் எதுக்கெண்டு விசாரிக்கும்."

பூரணத்துக்கு அது சரியாகத்தான் பட்டது. அன்று தொடக்கம் அந்த வீட்டில் மகனும் குலையும் ஒன்றாகிவிட்டார்கள். காலையில் அவர் கிணற்றடிக்குப் போய் வந்தால், "எப்பிடி இருக்கிறான்?" என்றுதான் அவள் கேட்பாள்.

மாசியில் கொடி பூத்தது. பெரும்பாலும் கொட்டி, மூன்று குலை நின்றது. நமசிவாயத்தார் இரண்டைக் கிள்ளி எறிந்தார். மிஞ்சிய குலை உருளத் தொடங்கியது. பந்தலில் ஓடிய பக்கக் கொடிகளையெல்லாம் முறித்தார். குலை இன்னும் உருண்டது. நீக்கிலாப்பிள்ளை வந்து பார்த்து, "அண்ணை, எங்கடை சுவாமியாரின்ரை கொடியிலையும் இப்பிடி ஒண்டை நான் காணேல்லை" என்று வாய்விட்டுச் சொன்னார். காய்கள் ஒவ்வொன்றும் புன்னைக்கொட்டை அளவு. ஆனால் கல்லு மாதிரி இருந்தன, நல்ல பச்சை. தேருக்கோ அதிக நாளில்லை.

இந்த இடத்தில் நமசிவாயத்தார் நிறுத்தியிருக்கலாம். வேறு யாராவது என்றால் நிறுத்தியிருப்பார்கள்; அவர்களுக்கு அந்தத் தொழில் அவ்வளவு தெரியாது. அவர் பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். குலையைச் சுற்றிக் குடை குடையாய் இலை. வெயில் முழுவதையும் இலை குடித்தது. கீழே குலைக்கு இரண்டு மூன்று பொட்டு வெளிச்சம்தான் மிச்சம். புகையிலையில் இலை வேண்டும் என்று பூவை முறிக்கிறோம். பழம் வேண்டுமென்றால் எதை முறிக்க வேண்டும்? ஒரு சின்னப் பிள்ளையும் சொல்லும்.

அவர் ஏணியைக் கொண்டு வந்து சாத்தினார்.

பத்மாசினி வாளியோடு வந்தவள் அதைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அப்பு! இலையை முறியாதேங்கோ!"

"ஏன்?"

"இலைதான் சமைக்கிறது. காய்க்குத் தானாச் சமைக்கத் தெரியாது."

"என்ன சமைக்கிறது?"

"இலையிலை இருக்கிற பச்சை வெயிலைப் பிடிக்கும் அப்பு. அதை நெருப்பா வைச்சு, காத்தையும் வேராலை வாற தண்ணியையும் சேர்த்துச் சீனியாக்கும், மாவாக்கும். அதைத்தான் காய் தின்னுறது. ஸ்ரெல்லா ரீச்சர் காட்டினவ. ஒரு இலையிலை பாதியைக் கறுத்தக் கடுதாசியாலை மூடி வெயிலிலை விட்டவ. பிறகு அதைப் பச்சை போக அவிச்சு, அயடின் விட, வெயில் பட்ட பாதி கறுத்து நீலமாச்சு. மூடின பாதி வெறும் வெளிறல். அதிலை ஒண்டும் சமைபடேல்லை."

நமசிவாயத்தார் ஏணியில் நின்றபடி சிரித்தார். மகனுடைய கடிதம் நின்ற பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதனால் அவளுக்குக் கொஞ்ச நேரம் கோபம்கூட வரவில்லை.

"வெயில் சோறாகுதாமோ? அப்ப நான் விடிஞ்சால் பொழுதுபட்டால் வெயிலிலைதானே நிக்கிறன். எனக்கு ஏன் பிள்ளை பசிக்குது?"

"நீங்கள் பச்சையில்லை அப்பு. கறுப்பு."

"வாயைப் பார்! போய்க் கொம்மாவுக்கு உதவி செய். நான் முறிக்கத் தொடங்கேக்கை உன்ரை ரீச்சர் பிறக்கவுமில்லை."

"அப்பு, சொல்லுறதைக் கேளுங்கோ. அண்ணையின்ரை குலையெல்லே!"

"அதுதான் முறிக்கிறன்."

பொழுது சாயும்போது பந்தலில் ஓர் இலை இல்லை. கிணற்றடி வெளிச்சமாகிவிட்டது. நடுவில் தன்னந்தனியாகக் குலை மட்டும் தொங்கியது, திருவிழா முடிந்த பிறகு கழற்ற மறந்துபோன விளக்கு மாதிரி. மொட்டைப் பந்தலைப் பார்க்கச் சாவகச்சேரியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள் என்று கதை. வழக்குக்குப் போனவர்கள் வழியில் எட்டிப் பார்த்திருக்கலாம். சாவகச்சேரியிலேயே நீதவான் கோர்ட்டு இருக்க, வழக்குக்கு இணுவிலால் போகவேண்டியதில்லை என்று யாரும் அப்போது யோசிக்கவில்லை.

குலை நின்றது, அவ்வளவுதான். உருளவில்லை, கறுக்கவில்லை, இளகவில்லை. நமசிவாயத்தார் விடியப் போய்ப் பார்ப்பார், மத்தியானம் போய்ப் பார்ப்பார். விரலால் தொட்டால் அதே கல்லு. "எப்பிடி இருக்கிறான்?" என்று பூரணம் கேட்பாள். "இருக்கிறான்" என்பார். பிறகு காய்களின் வெயிற்பக்கம் தவிட்டு நிறமாய்ச் சுட்டது. தோல் சுருங்கத் தொடங்கியது. அன்று பூரணம் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. அவள் புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

ஒரு காயைப் பிய்த்து வாயில் போட்டார். அந்தப் புளிப்பு பல்லால் ஏறி, காதால் போய், உச்சியில் நின்றது. பந்தலடியில் நின்று அவர் முகம் கோணியதைப் பார்த்த நாய் குரைப்பதைவிட்டு எழும்பிப் போய்விட்டது. அவர் அதைத் துப்பவில்லை, விழுங்கினார். மகனுடைய காயைத் துப்பக்கூடாது.

பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்றார். அந்த வாசலில் அவர் நிற்கிற வழக்கம் இல்லை. பத்மாசினி மாக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை. அந்தப் பாடத்தை இன்னொருக்காச் சொல்லு."

அவள் சொன்னாள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. இலை அடுப்படி, வெயில் நெருப்பு, பழம் பந்தியில் இருக்கிற விருந்தாளி. சட்டியையும் பானையையும் உடைத்துவிட்டு விருந்தாளியை வெயிலில் இருத்தினால் அவன் கொழுப்பானா? வாழ்நாளெல்லாம் தான் விற்றது என்ன என்பதும் அப்போதுதான் அவருக்குப் பட்டது.

"அப்ப நான் இவ்வளவு காலமும் அடுப்படியைப் புடுங்கித்தான் வித்திருக்கிறன். சனம் அதைச் சுருட்டிப் பத்துது."

"ஓம் அப்பு."

"சரி. அதுக்குப் பிறகு என்ன? இலை போனால் என்ன செய்யவேணுமாம்? காயைக் காப்பாத்த ஒரு வழி சொல்லியிருப்பினமே?"

"அது அடுத்த பாடம்."

"அதைச் சொல்லன்."

பத்மாசினி கையில் ஒட்டிய மாவை வழித்தாள். "அடுத்த பாடம் திங்கக்கிழமை எண்டு ரீச்சர் சொன்னவ. அந்தத் திங்கக்கிழமைதான் நீங்கள் என்னைப் படலையிலை மறிச்சனீங்கள்."

குரலில் கோபம் இருந்ததா என்று அவர் கவனமாகக் கேட்டார். இருந்தால் நல்லது என்று அவருக்கு இருந்தது. அடுப்பில் விறகு வெடித்தது. அவ்வளவுதான்.

அவர் வேலிக்குப் போனார். பூவரசில் பெரிய பெரிய இலையாகப் பறித்துக் கடகத்தில் நிரப்பினார். பனைநாரைக் கிழித்து, ஏணியில் ஏறி, மொட்டைக் கொடியில் ஒவ்வோர் இலையாகக் கட்டத் தொடங்கினார். பூரணம் வந்து பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கீழே நின்று இலை எடுத்துக் கொடுத்தாள். காம்பு எந்தப் பக்கம், முகம் எந்தப் பக்கம் என்றுகூட இரண்டு பேரும் கதைத்துப் பார்த்தே கட்டினார்கள். வெயில் படுகிற மாதிரி, ஒன்றை ஒன்று மறைக்காத மாதிரி. பந்தல் மறுபடியும் பச்சையானது. தூரத்தில் நின்று பார்த்தால் முந்தி இருந்ததைவிடச் செழிப்பு.

அந்த நேரம் பார்த்து நீக்கிலாப்பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணை, பூவரசிலை முந்திரிகை காய்க்குது? எங்கடை வேதத்திலை தண்ணி முந்திரிகை ரசமான கதை இருக்கு. வேலி முந்திரிகையான கதை இல்லை."

"பகிடி விடாதையும், நீக்கிலாப்பிள்ளை. ஒரு நாளைக்குச் சமைச்சாலும் போதும். தேருக்கு இன்னும் ரண்டொரு நாள் கிடக்கு."

"சமைக்கிறதோ? ஆர் சமைக்கிறது?"

நமசிவாயத்தார் ஏணியில் நின்றபடி அவரைத் திரும்பிப் பார்த்தார். நீக்கிலாப்பிள்ளை அந்த முகத்தைக் கண்டதும் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூரணத்தின் கையிலிருந்த கடகத்தை வாங்கினார். அதற்குப் பிறகு அவரும் பகிடி விடவில்லை. அவருடைய அக்காவின் மகன் செபநாயகமும் ஈப்போவில் அதே கந்தோரில்தான் இருந்தான். அவனிடமிருந்தும் கடிதம் இல்லை.

பத்மாசினி மட்டும் வரவில்லை. கட்டிய இலை சமைக்காது என்று அவளுக்கு அடுத்த பாடம் இல்லாமலே தெரியும். வந்து சொல்லியிருக்கலாம். அவர்கள் கட்டி முடிக்கட்டும் என்று அடுப்படியிலேயே நின்றாள்.

மறுநாள் வெயில் ஏறும்போது இலைகள் தலை தொங்கின. மத்தியானம் சுருண்டன. பின்னேரம் காற்று அடித்தபோது பந்தல் முழுவதும் சரசரவென்று, சந்தையில் சனம் கதைக்கிறது போல ஒரு சத்தம். நமசிவாயத்தார் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஏறி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார்.

தேரன்று அந்தக் குலையை வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஐயர் விரித்துப் பார்த்தார்.

"இது காயெல்லோ, நமசிவாயம்? நீர் பழமெண்டு நேர்ந்தனீர்."

"ஓம் ஐயா. காய்தான்."

"அடுத்த வருசம் கொண்டு வாருமன். முருகன் எங்கை போகப்போறான்?"

"முருகன் போகமாட்டான்" என்றார் நமசிவாயத்தார். திரும்பவும் சுற்றிக்கொண்டு வந்தார். தேர் வீதியில் சனம் வடம் பிடித்து அரோகராச் சொல்ல, அவர் ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கமாக நடந்து வந்தார். குலையைக் கிணற்றடியில் புதைத்தார். பூரணம் அன்று தொடக்கம் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இணுவிலார் பார்த்த நமசிவாயத்தார் வேறு ஆள். காணுகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "என்ரை மகனை நான்தான் கொண்டனான். இலையை முறிச்சுக் கொண்டுபோட்டன்" என்று சொல்லுவார். முதலில் தேற்றினார்கள். பிறகு கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு, அவர் வருவதைக் கண்டால் வேறு ஒழுங்கையால் போனார்கள். ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போய், உள்ளே போகாமல் பின்வீதியில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார். தோட்டத்தில் அவர் கை முறிப்புக்கு எழும்பவில்லை. புகையிலை நுனி விட்டு, முளை விட்டு, காடாய்ப் பூத்தது. இணுவிலில் அதுவரை யாரும் புகையிலைப் பூவை அந்தளவு சேர்த்துப் பார்த்ததில்லை. வெளிறிய ரோசா நிறம், அழகான பூ. இலை வெற்றிலை அளவு. விதானையார் மழைக்கு வீட்டிலேயே இருந்தார்.

கொடி மட்டும், யாரும் கேளாமலே, மொட்டையான மாதமே துளிர்த்துவிட்டது. பந்தல் பழையபடி மூடியது. அவர் அதன் கீழ்ப் போவதில்லை. தண்ணீர் அள்ளவும் சுற்றிக்கொண்டு மறுபக்கத்தால் போவார்.

சண்டை முடிந்தது. மலாயாச் சனம் கொஞ்சம் கொஞ்சமாய்த் திரும்பியது. நாற்பத்தாறாம் ஆண்டு சித்திரையில் ஒரு மத்தியானம் நீக்கிலாப்பிள்ளை வந்தார். சைக்கிள் இல்லை, நடந்து வந்தார். கூட ஒருவன், சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேடவேண்டியவன். அக்காவின் மகன் செபநாயகம்.

பூரணம் அவன் முகத்தைப் பார்த்தாள். செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் கேட்காமல் நின்றாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எங்களை ரண்டு பேரையும் யப்பான்காரர் சயாமுக்கு றெயில் பாதை போடக் கொண்டு போனவங்கள், ஐயா. மழைக்குள்ளை வாந்திபேதி வந்தது. தில்லையண்ணை ஒரு நாளிலை முடிஞ்சார்."

"நீ பாத்தனியோ?" என்றார் நமசிவாயத்தார்.

"நான்தான் குழி வெட்டினனான், ஐயா."

பூரணம் தூணைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். நமசிவாயத்தார் தலையை ஆட்டினார். அவருக்கு இது தெரிந்த செய்திதான். இரண்டு வருசமாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிற செய்தி.

"ஓம். நான் இலையை முறிச்ச நேரம்" என்றார்.

"எப்ப தம்பி?" என்று பத்மாசினி கேட்டாள்.

"நாப்பத்திமூண்டு ஆவணி, அக்கா."

"அப்பு நேர்ந்தது நாப்பத்திநாலு தையிலை."

அவள் தகப்பனுக்கு முன்னால் வந்து இருந்தாள். இரண்டு வருசமாக அந்த மனிதன் சுமந்து திரிந்ததை இறக்கிவைக்க அவளுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. தேவையில்லாத ஒரு மென்மையோடு சொன்னாள்:

"கேட்டியளே அப்பு? நீங்கள் நேரேக்கையே அண்ணை இல்லை. இலையை முறிச்சதுக்கும் இதுக்கும் ஒரு தொடுப்பும் இல்லை. குலை பழுத்திருந்தாலும் வந்திருக்கமாட்டார். நீங்கள் கொல்லேல்லை."

நமசிவாயத்தார் அவளைப் பார்த்தார். நிம்மதி வரப்போகிறது என்று அவள் காத்திருந்தாள். வந்தது வேறு.

"அப்ப நான் ஆருக்கு நேர்ந்தனான்?"

"அப்பு..."

"அந்தக் காய் ஆருக்கு? அந்த இலையெல்லாம் ஆருக்குக் கட்டினனான்? நாங்கள் ரண்டு பேரும் நிண்டு... கொம்மா எடுத்துத் தர..." அவர் கையைத் தூக்கி இலை கட்டுகிற மாதிரிக் காட்டினார். கை அப்படியே நின்றது. "அங்கை ஒருத்தரும் கேட்டுக்கொண்டு இருக்கேல்லையோ?"

அன்று தொடக்கம் அவர் யாரையும் நிறுத்தி ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பின்வீதிக்குப் போகவில்லை. மன்னிப்புக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்புவார். கடைசியில் சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. இரண்டு வருசமாகக் கால் வையாத முந்திரிகைப் பந்தலுக்குக் கீழே போய் இருந்தார். அங்கே இருந்தால் என்ன, வேறெங்கே இருந்தால் என்ன. பூரணம் உள்ளே படத்துக்கு நேரே பாயைப் போட்டுப் படுத்திருந்தாள். அந்த வீட்டில் நடமாடியது பத்மாசினி ஒருத்திதான்.

அந்த வருசம் பந்தல் நிறையக் குலை. யாரும் முறிக்கவுமில்லை, கிள்ளவுமில்லை. கறுத்து, பூசணம் பிடித்தது போல ஒரு மெல்லிய வெள்ளை படர்ந்து, அடை அடையாய்த் தொங்கின. வௌவால் தின்றது போக, அணில் தின்றது போக, விழுந்தது போகவும் மிச்சம். இலைகளுக்கு மேலே வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. கீழே அவர் முகத்தில் இரண்டு மூன்று பொட்டு வெளிச்சம்.

பத்மாசினி ஒரு குலையைப் பறித்துக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள். ஒரு பழத்தை அவர் கையில் வைத்தாள். அவர் வாயில் போடவில்லை. அவளே ஒன்றைப் போட்டாள்.

அவள் மெல்வதைப் பார்த்துக் கேட்டார்: "இனிக்குதோ?"

"ஓம் அப்பு. தேன்."

அவர் அண்ணாந்து பார்த்தார். "அண்டைக்கு இந்த இலை இருந்திருந்தால்," என்றார். மிச்சத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். படலையில் மறித்தபோது அவள் அவரைப் பார்த்த பார்வையை, இத்தனை வருசத்துக்குப் பிறகு, அவர் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது போல இருந்தது. ஒரு பதிலுக்காக நிற்கிற பார்வை.

அவளுக்குத் திகதி தெரியும். குழி வெட்டியவனின் முகமும் தெரியும். இலை எதைச் சமைக்கும், எதைச் சமைக்காது என்பது அவளைவிட அந்த வளவில் யாருக்கும் தெரியாது.

"ஓம் அப்பு," என்றாள். "இலை இருந்திருந்தால் அண்ணை வந்திருப்பார். நீங்கள்தான் முறிச்சுப்போட்டியள்."

அவர் மூச்சு விட்டார். நெஞ்சுக்குள் கிடந்த ஏதோ ஒன்று மறுபடி தன் இடத்தில் வந்து இருந்துகொண்டது போல ஒரு மூச்சு. கண்ணால் தண்ணீர் வடிந்தது. "அதுதானே," என்றார். "நான் சொன்னனான்தானே."

அன்று அவர் சோறு கேட்டு வாங்கித் தின்றார். இரண்டாம் முறையும் கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலின் பின்வீதியில் பழைய இடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டதை ஊரார் கண்டார்கள். நமசிவாயத்தார் தேறிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

பத்மாசினி அந்தப் பதிலை இரக்கத்தால் சொன்னாளா, அந்தத் திங்கட்கிழமைக்காகச் சொன்னாளா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. அவர் சாப்பிட்ட சோற்றுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பந்தலுக்குக் கீழே உதிர்ந்து கிடந்த பழங்களைக் கூட்டி அள்ளி, எருக்கும்பியில் கொட்டினாள். பிறகு அண்ணன் படத்துத் தூசியைத் தட்டினாள். அது தட்டவேண்டிய நாள்.